சமன் ஆகிவிட்டது, ஆனாலும் தவறு என்கிறார்கள். ஏன்?

கேள்விக்குறி

வணக்கம். பத்தாம் வகுப்பு வேதியியலில், சமன்பாட்டைச் சமன்செய்வதில் ஒரு சந்தேகம். அலைபேசியில் தட்டுவதால் குறியீடும் கீழ் எண்ணும் ஒழுங்காக வருவதில்லை, அதனால் பெயராலேயே எழுதுகிறேன்.

ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீர் ஆகிறது. இடப்பக்கம் ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 2. வலப்பக்கம் ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 1. ஓர் ஆக்ஸிஜன் குறைகிறது. நீருக்கு முன்னால் 2 போடு, அப்புறம் ஹைட்ரஜனுக்கு முன்னால் 2 போடு என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். நீரில் இருக்கும் ஆக்ஸிஜனின் கீழே ஒரு 2 போட்டால் ஒரே படியில் வேலை முடிந்துவிடுகிறதே? இந்தப் பக்கம் 2, 2. அந்தப் பக்கம் 2, 2. சமன்.

"கீழ் எண்ணைத் தொடக் கூடாது, அது விதி" என்கிறார்கள். ஏன் அப்படி ஒரு விதி? எனக்கு மதிப்பெண் வந்துவிடுகிறது. ஆனால் எதைச் செய்கிறேன் என்று தெரியாமலே செய்வது உறுத்துகிறது.

---

சோதனைக்குழாய்

நல்ல கேள்வி அம்மா. வகுப்பில் நிறையப் பேர் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் விடுகிற கேள்வி இது.

முன்னால் போடும் எண் எத்தனை மூலக்கூறு என்று சொல்கிறது. கீழே இருக்கும் எண் அது என்ன பொருள் என்று சொல்கிறது. ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று என்றால் நீர். ஆக்ஸிஜனையும் இரண்டாக்கினால் அது ஹைட்ரஜன் பெராக்ஸைடு. நீரில் எடைப்படி ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்ஸிஜன். பெராக்ஸைடில் ஒரு பங்குக்கு 16 பங்கு. காயத்தில் ஊற்றினால் நுரைக்கும், முடியின் நிறத்தை வெளுக்கும், வெளிச்சத்தில் வைத்தால் தானாகவே நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். நீர் இதில் எதையும் செய்யாது.

ஆக, நீ கீழ் எண்ணை மாற்றியபோது சமன்பாட்டைச் சரிசெய்யவில்லை. வேறொரு வினையை எழுதிவிட்டாய்.

ஆனால் இதைக் கவனி. நீ எழுதிய "ஹைட்ரஜன் + ஆக்ஸிஜன் → ஹைட்ரஜன் பெராக்ஸைடு" என்பதில் அணுக்கணக்கு முழுக்கச் சரி. தொழிற்சாலைகளில் பெராக்ஸைடு தயாரிக்கும் முறையின் நிகர விளைவும் அதுதான், இடையில் வேறு பொருள்களின் துணையோடு நடக்கிறது. அதனால் உன் சமன்பாட்டைக் கணக்கு வைத்துத் தப்பு என்று சொல்ல முடியாது. ஹைட்ரஜனைக் கொளுத்தினால் குளிர்ந்த கண்ணாடியில் படிவது நீர் என்பதால்தான் அது தப்பு. அந்த வேறுபாடு பிடிபட்டால் இந்தப் பாடத்தில் பாதி தெரிந்த மாதிரி.

---

கணக்குப்புலி

எனக்குக் கணிதம்தான் துறை. ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் மாணவர்களை "இங்கே 2 போட்டுப் பார், அங்கே 3 போட்டுப் பார்" என்று அலைக்கழிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இது நேரான இயற்கணிதம். தெரியாத எண்களுக்கு எழுத்து வைத்தால் ஊகமே தேவையில்லை.

சூடான இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தும் வினையை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ஆக்ஸைடில் இரும்பு 3, ஆக்ஸிஜன் 4.

அ இரும்பு + ஆ நீராவி → இ ஆக்ஸைடு + ஈ ஹைட்ரஜன்

இரும்பை எண்ணினால் அ = 3இ. ஆக்ஸிஜனை எண்ணினால் ஆ = 4இ. ஹைட்ரஜனை எண்ணினால் 2ஆ = 2ஈ, அதாவது ஈ = ஆ. இ = 1 என்று வைத்தால் மற்றவை தாமாக விழுகின்றன: 3, 4, 1, 4.

3 இரும்பு + 4 நீராவி → 1 ஆக்ஸைடு + 4 ஹைட்ரஜன்

ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு சமன்பாடு. வேதியியல் தெரியாதவரும் செய்யலாம்.

---

வீழ்படிவு

கணக்குப்புலி அவர்களே, உங்கள் கடைசி வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வேதியியல் தெரியாதவர் செய்தால் என்ன ஆகும் என்று காட்டுகிறேன்.

காப்பர் + பெரஸ் சல்பேட் (இரும்பின் சல்பேட்) → இரும்பு + காப்பர் சல்பேட்

எண்ணிப் பாருங்கள். எல்லாமே ஒன்றுக்கு ஒன்று. அழகாகச் சமன். பெரஸ் சல்பேட் கரைசலில் ஒரு காப்பர் தகட்டைப் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இது நடக்காது. தகடு தகடாகவே இருக்கும். திருப்பிப் போட்டால், அதாவது நீல நிறக் காப்பர் சல்பேட்டில் இரும்பு ஆணியைப் போட்டால், அரை மணிக்குள் ஆணியின் மேல் செம்பழுப்பாக ஒரு படலம் ஏறும், நீலம் வெளிறிப் பச்சைச் சாயல் வரும். இரண்டு சமன்பாடும் ஒரே அணுக்களைத்தான் எண்ணுகின்றன. நடப்பது ஒன்று மட்டும்.

இன்னொன்று. சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தால் "இரட்டை இடப்பெயர்ச்சி வினை" என்று தேர்வில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் குளோரைடு என்று ஜோடி மாற்றிச் சமன்செய்தும் விடுவார்கள். குடுவையில் எதுவுமே நடக்காது. நான்கு அயனிகளும் முன்னே எப்படி நீந்திக்கொண்டிருந்தனவோ அப்படியே நீந்திக்கொண்டிருக்கும். வீழ்படிவு வரவேண்டும், அல்லது வாயு வரவேண்டும், அல்லது நீர் உண்டாக வேண்டும். மூன்றில் ஒன்றாவது இல்லாவிட்டால் அங்கே எழுதுவதற்கு வினை என்று ஒன்றும் இல்லை.

---

கேள்விக்குறி

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் அம்புக்குறி போடுவதற்கு முன்பே என்ன வரும் என்று தெரிந்திருக்க வேண்டுமா? சமன்பாடு அதைக் கண்டுபிடித்துத் தராதா?

---

வீழ்படிவு

தராது. சமன்பாடு நடந்ததைப் பதிவு செய்யும் கணக்கு. என்ன வந்தது என்பதைக் குடுவையில் பார்த்து, சோதித்து, எடை போட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் எழுதுவது. பலர் முன்பே பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தி வைத்திருப்பதால்தான் நாம் சில வினைகளை ஊகிக்க முடிகிறது. உலோகங்களின் வினைத்திறன் வரிசை அப்படி வந்தது. எந்த உப்பு கரையும், எந்த உப்பு கரையாது என்ற பட்டியலும் அப்படித்தான்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி காப்பரும் நைட்ரிக் அமிலமும். அடர் அமிலத்தில் போட்டால்:

காப்பர் + 4 நைட்ரிக் அமிலம் → காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரஜன் டை ஆக்ஸைடு + 2 நீர்

நீர்த்த அமிலத்தில் போட்டால்:

3 காப்பர் + 8 நைட்ரிக் அமிலம் → 3 காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்ஸைடு + 4 நீர்

அதே உலோகம், அதே அமிலம், இரண்டும் சமன். முதலாவதில் குழாய்க்குள்ளேயே பழுப்புப் புகை எழும். இரண்டாவதில் வரும் வாயுவுக்கு நிறம் கிடையாது, குழாயின் வாயருகே காற்றைத் தொட்ட பிறகுதான் பழுப்பாக மாறும். எந்தச் சமன்பாட்டை எழுதுவது என்பதை அமிலத்தின் செறிவுதான் தீர்மானிக்கிறது. (இரண்டு வாயுவுமே நச்சு. புகைபோக்கி அறைக்கு வெளியே யாரும் முயல வேண்டாம்.)

---

மெக்னீசியம் நாடா

இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி: அம்புக்குறிக்குப் பதிலாகச் சமக்குறி போட்டால் தவறா? பழைய புத்தகங்களில் பார்த்திருக்கிறேன்.

---

சோதனைக்குழாய்

முன்பு அப்படியும் எழுதினார்கள். அணுக்கணக்குக்குச் சமக்குறி பொருந்தும். அம்பு கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது, எதிலிருந்து எதை நோக்கி என்று. இரு திசையிலும் நடந்தால் இரட்டை அம்பு. இப்போது அம்பையே போடுங்கள்.

---

கேள்விக்குறி

எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் முதல் கேள்வி இன்னும் ஆழமாகப் போய்விட்டது. நீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று என்பது யாருக்கு எப்படித் தெரிந்தது? அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது. எடை போட்டால் 1-க்கு 8 என்றுதான் தெரியும், எத்தனை அணு என்று தெரியாதே? அதோடு ஆக்ஸிஜன் ஏன் எப்போதும் இரண்டாகவே வருகிறது? ஒற்றை ஆக்ஸிஜனாக எழுதினால் சமன் செய்வது இன்னும் சுலபம்.

---

பழையகணக்கு

இதற்காகத்தான் இந்தத் தளத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீ கேட்ட அதே இடத்தில்தான் பெரிய பெரிய மூளைகள் அரை நூற்றாண்டு திணறின. அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டன், நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்ஸிஜன் ஒன்று என்றே எடுத்துக்கொண்டார். இரண்டு தனிமங்கள் சேர்ந்த பொருள் ஒன்றே ஒன்று தெரிந்திருந்தால், அதில் ஒன்றுக்கு ஒன்று இருக்கும் என்று கொள்வது அவருடைய வழி. 1808-இல் அவர் அச்சிட்ட பட்டியலில் ஹைட்ரஜன் 1 என்றால் ஆக்ஸிஜன் 7. அன்றைய அளவீடு அவ்வளவுதான் துல்லியம். அளவீடு துல்லியமாக இருந்திருந்தாலும் 8 என்றுதான் வந்திருக்கும், 16 வந்திருக்காது. எடையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சொன்னதை மறுக்க வழியே இல்லை. நீ சொன்னது முழுக்கச் சரி: எடை விகிதம் தெரிந்தால் போதாது.

அதே 1808-இல் கே-லூசாக் எடையை விட்டுவிட்டுப் பருமனை, அதாவது வாயு அடைக்கும் இடத்தின் அளவைப் பார்த்தார். வாயுக்கள் முழு எண் விகிதத்தில் சேர்கின்றன என்று கண்டார். ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், 2 பருமன் ஹைட்ரஜனும் 1 பருமன் ஆக்ஸிஜனும் சேர்ந்து 2 பருமன் நீராவி.

இங்கே நின்று யோசி. 1811-இல் அவகாட்ரோ சொன்னார்: ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும். அப்படியானால் 1 பருமன் ஆக்ஸிஜனில் நூறு மூலக்கூறு இருந்தால், 2 பருமன் நீராவியில் இருநூறு மூலக்கூறு. ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் குறைந்தது ஓர் ஆக்ஸிஜன் அணுவாவது இருந்தாக வேண்டும். நூறிலிருந்து இருநூறு பேருக்கு எப்படிக் கொடுப்பது? ஒவ்வொரு ஆக்ஸிஜன் மூலக்கூறும் இரண்டாகப் பிரிந்தால்தான் முடியும். அணு பிரியாது, ஆகவே ஆக்ஸிஜன் மூலக்கூறில் இரண்டு அணு இருக்கிறது. ஹைட்ரஜனின் இருநூறு மூலக்கூறு இருநூறு நீருக்குப் போகிறது, ஒன்றுக்கு ஒன்று. ஹைட்ரஜன் மூலக்கூறும் இரண்டணு என்பது குளோரினோடு அது சேரும் வினையிலிருந்து இதே வாதத்தால் வருகிறது: 1 பருமன் ஹைட்ரஜன், 1 பருமன் குளோரின், கிடைப்பது 2 பருமன் ஹைட்ரஜன் குளோரைடு. ஆக நீரில் ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 1.

உன் புத்தகத்தில் இருக்கும் "2 ஹைட்ரஜன் + ஆக்ஸிஜன் → 2 நீர்" என்பதில் இருக்கும் 2, 1, 2 அந்தப் பருமன்கள்தான். கே-லூசாக் அளந்தவை அப்படியே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அவகாட்ரோ சொன்னதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்பதையே பலர் நம்பவில்லை. ஆளுக்கொரு அணு எடை, ஆளுக்கொரு வாய்பாடு என்று குழம்பிக் கிடந்தார்கள். 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது கன்னிசாரோ அதே கருத்தைத் திரும்ப எடுத்துவைத்தார். குழப்பம் தெளிய அந்தக் கூட்டம் பெரிய காரணம். நடுவே ஓடியவை ஏறக்குறைய 50 ஆண்டுகள்.

கீழ் எண்ணைத் தொடாதே என்று உன் ஆசிரியர் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. அந்தச் சின்ன எண் அளந்து பெற்றது. நம் வசதிக்கு மாற்ற நமக்கு உரிமை கிடையாது.

---

கேள்விக்குறி

இரண்டு முறை படித்தேன். நூறு, இருநூறு என்ற இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. இதை ஏன் பாடத்தில் சமன்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பதில்லை!

---

பியூரெட்

ஆய்வகத்தில் வேலை. தராசுப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் "அணுக்கள் அழிவதில்லை" என்று வாயால் சொல்வதும் அதைத் தராசில் பார்ப்பதும் வேறு வேறு.

2 மெக்னீசியம் + ஆக்ஸிஜன் → 2 மெக்னீசியம் ஆக்ஸைடு. எடைப்படி 24 கிராம் மெக்னீசியத்துக்கு 40 கிராம் ஆக்ஸைடு வரவேண்டும். பள்ளியில் 0.24 கிராம் நாடா எடுத்தால் 0.40 கிராம் எதிர்பார்க்கலாம். செய்து பாருங்கள், பெரும்பாலும் குறைவாகவே வரும். உடனே "சோதனை சரியாக வரவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். அந்தக் குறைவிலேயே நல்ல வேதியியல் இருக்கிறது.

நாடாவை முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், மங்கலான மேற்படலம் போய்ப் பளபளப்பு வரும்வரை. படலத்தோடு எடை போட்டால் மெக்னீசியம் அல்லாததையும் மெக்னீசியமாக எண்ணிவிடுவோம். மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) சுருட்டி வைத்து, மூடி போட்டுச் சூடாக்கி, அவ்வப்போது மூடியை ஓர் ஓரமாக இடுக்கியால் தூக்கிக் காற்று விட வேண்டும். அதிகமாகத் திறந்தால் வெள்ளைப் புகையாக ஆக்ஸைடு வெளியே போகும். திறக்கவே இல்லையென்றால் உள்ளே ஆக்ஸிஜன் போதாது. ஆக்ஸிஜன் குறையும்போது மெக்னீசியம் காற்றில் இருக்கும் நைட்ரஜனையும் பிடித்துக்கொள்ளும்:

3 மெக்னீசியம் + நைட்ரஜன் → மெக்னீசியம் நைட்ரைடு

72 கிராம் மெக்னீசியம் ஆக்ஸைடானால் 120 கிராம். நைட்ரைடானால் 100 கிராம்தான். எடை குறைவதில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. ஆறிய சாம்பலில் சில சொட்டு நீர் விட்டு மெல்லச் சூடாக்கினால் அம்மோனியா நெடி லேசாக மூக்கில் ஏறும். நைட்ரைடு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி:

மெக்னீசியம் நைட்ரைடு + 6 நீர் → 3 மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடு + 2 அம்மோனியா

இன்னும் பலமாகச் சூடாக்கினால் ஹைட்ராக்ஸைடு நீரை விட்டு ஆக்ஸைடாகும். அப்புறம் எடை போடுங்கள், 0.40-ஐ நோக்கி நகர்ந்திருக்கும். தராசு காட்டிய குறைவைச் சமன்பாடு விளக்கவில்லை என்றால், நாம் எழுதாமல் விட்ட இன்னொரு சமன்பாடு உள்ளே நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

---

பழையகணக்கு

பியூரெட் சொன்னதில் லவாய்சியேயின் கை தெரிகிறது. அவர் பாதரசத்தைக் காற்று அடைத்த கலத்தில் 12 நாள் சூடாக்கி வைத்திருந்தார். மேலே சிவப்புத் தூள் படிந்தது, உள்ளே இருந்த காற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அந்தச் சிவப்புத் தூளைத் தனியே எடுத்துச் சூடாக்கினார். குறைந்த அதே அளவு வாயு திரும்ப வந்தது. மூடிய கலமும் தராசும் இல்லாவிட்டால் இன்று சமன்பாடு என்று ஒன்றையே நாம் எழுத முடியாது.

---

கணக்குப்புலி

வீழ்படிவு அவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தேடினேன். கணக்கின் பக்கத்திலிருந்தே இதற்கு ஒரு சான்று கிடைத்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட், சல்பியூரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்ஸைடு மூன்றும் சேர்ந்து பொட்டாசியம் சல்பேட், மாங்கனீஸ் சல்பேட், நீர், ஆக்ஸிஜன் தரும் வினை. பெர்மாங்கனேட் 2, அமிலம் 3, பொட்டாசியம் சல்பேட் 1, மாங்கனீஸ் சல்பேட் 2. அதுவரை சிக்கலில்லை. ஆனால்

பெராக்ஸைடு 1 என்றால் நீர் 4, ஆக்ஸிஜன் 3.
பெராக்ஸைடு 3 என்றால் நீர் 6, ஆக்ஸிஜன் 4.
பெராக்ஸைடு 5 என்றால் நீர் 8, ஆக்ஸிஜன் 5.
பெராக்ஸைடு 7 என்றால் நீர் 10, ஆக்ஸிஜன் 6.

எல்லாமே சமன்! இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். தெரியாத எண்கள் 7, தனிமங்கள் 5. ஒரே விடை கிடைக்க வேண்டிய இடத்தில் எண்ணற்ற விடைகள். எது சரி?

---

பியூரெட்

5 பெராக்ஸைடு. இதைப் பியூரெட்டில் (அளவுக்கோடுகளும் அடியில் திருகும் உள்ள கண்ணாடிக்குழாய்) பார்த்தே சொல்லலாம். அமிலம் சேர்த்த பெராக்ஸைடு கரைசலைக் குடுவையில் வைத்து, மேலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டுகளின் ஊதா நிறம் மறையக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அப்புறம் விட்ட மாத்திரத்தில் மறையும், சின்னச் சின்னக் குமிழ் வரும். பெராக்ஸைடு தீர்ந்ததும் அடுத்த ஒரு சொட்டின் வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும். அங்கே நிறுத்திக் கணக்குப் போட்டால் 2-க்கு 5.

காரணம் எலக்ட்ரான். ஒரு மாங்கனீஸ் 5 எலக்ட்ரான் வாங்குகிறது, ஒரு பெராக்ஸைடு 2 எலக்ட்ரான் கொடுக்கிறது. இரண்டு மாங்கனீஸுக்கு 10 தேவை, அதைக் கொடுக்க 5 பெராக்ஸைடு. உங்கள் பட்டியலில் 7 என்ற வரியில் என்ன நடக்கிறது என்றால், 5-இன் மேல் "2 பெராக்ஸைடு → 2 நீர் + ஆக்ஸிஜன்" என்ற தனி வினை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வினைகளைக் கூட்டினால் அதுவும் சமனாகத்தானே இருக்கும்? அதனால்தான் கணக்கு முடிவில்லாமல் ஓடுகிறது.

---

கணக்குப்புலி

பிரமாதம். ஓர் அடுக்குச் சமன்பாட்டுத் தொகுதிக்கு ஒன்றையொன்று சாராத விடை ஒன்றுக்கு மேல் இருந்தால், உள்ளே ஒன்றுக்கு மேல் வினை ஒளிந்திருக்கிறது என்று பொருள். என் மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டுவேன்.

---

மெக்னீசியம் நாடா

பெரியவர்கள் எலக்ட்ரானுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அடுத்த வாரம் தேர்வு. கையால் வேகமாகச் சமன்செய்ய ஏதாவது வழி சொல்லுங்களேன்.

---

சோதனைக்குழாய்

சொல்கிறேன் தம்பி. முதலில் வாய்பாடுகளைச் சரியாக எழுது. பாதிப் பிழை அங்கேதான். இணைதிறன் தெரியாமல் அலுமினியம் சல்பேட்டை ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிவிட்டு, அப்புறம் எவ்வளவு முட்டி மோதினாலும் அந்தச் சமன்பாடு சரியாகாது.

அடுத்து, தனித் தனிமமாக நிற்பதைக் கடைசிக்கு விடு. பியூட்டேன் எரிவதைப் பார். அதில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பனுக்காக 4 கார்பன் டை ஆக்ஸைடு, ஹைட்ரஜனுக்காக 5 நீர். வலப்பக்கம் ஆக்ஸிஜன் 8 + 5 = 13 அணு. இடப்பக்கம் ஆக்ஸிஜன் தனியாக நிற்கிறது, அதை எவ்வளவு கூட்டினாலும் வேறு எதையும் கலைக்காது. ஆறரை மூலக்கூறு வேண்டும். அரைக்குப் பயப்படாதே, எழுதிவிட்டு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கு:

2 பியூட்டேன் + 13 ஆக்ஸிஜன் → 8 கார்பன் டை ஆக்ஸைடு + 10 நீர்

சல்பேட், ஹைட்ராக்ஸைடு போன்றவை இரு பக்கமும் உடையாமல் வந்தால் அவற்றைக் கட்டாகவே எண்ணு. அலுமினியம் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்ஸைடும் சேரும்போது சல்பேட் 3, அதனால் கால்சியம் 3, அதனால் ஹைட்ராக்ஸைடு 6, அதனால் அலுமினியம் ஹைட்ராக்ஸைடு 2. ஆக்ஸிஜனைத் தொடவே வேண்டாம். ஆனால் வீழ்படிவு மேலே எழுதிய காப்பர், நைட்ரிக் அமில வினையில் இந்த வழியை அப்படியே போடாதே. அங்கே 8 நைட்ரிக் அமிலத்தில் 6 மட்டும் நைட்ரேட்டாக மிஞ்சுகிறது, 2 உடைந்து வாயுவாகப் போகிறது. கட்டு உடைகிறதா என்று முதலில் பார்.

முடித்ததும் மறுபடி ஒரு முறை எண்ணு. அவசரத்திலும் இதை விடாதே.

---

வீழ்படிவு

நிலையையும் எழுதச் சொல்லுங்கள் ஐயா: திண்மம், நீர்மம், வாயு, நீர்க்கரைசல். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பேரியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலக்கும் வினையில் "பேரியம் சல்பேட் (திண்மம்)" என்று எழுதினால்தான் அந்த வெள்ளை வீழ்படிவு சமன்பாட்டுக்குள் தெரிகிறது. சோடியமும் குளோரைடும் இரு பக்கமும் கரைசலிலேயே இருப்பதும் தெரியும். அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது, பேரியம் அயனி + சல்பேட் அயனி → பேரியம் சல்பேட். உண்மையில் நடந்தது அவ்வளவுதான்.

---

கேள்விக்குறி

இன்று எங்கள் ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீரில் கார்பன் டை ஆக்ஸைடைச் செலுத்தினோம். பால்போல் ஆனது. ஆசிரியர் அதோடு நிறுத்தச் சொன்னார். நான் அனுமதி வாங்கி இன்னும் கொஞ்ச நேரம் வாயுவை விட்டேன். வெண்மை மெல்லக் குறைந்து திரும்பத் தெளிந்துவிட்டது! முதலில் புத்தகத்தைப் பார்க்காமல் என்ன இருக்கும் என்று யோசித்தேன். வெண்மை போய்விட்டது என்றால் அந்தத் திண்மம் கரையும் பொருளாக மாறியிருக்க வேண்டும். நான் எழுதியது இது, சரிபாருங்கள்:

கால்சியம் ஹைட்ராக்ஸைடு (கரைசல்) + கார்பன் டை ஆக்ஸைடு (வாயு) → கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர்

கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர் + கார்பன் டை ஆக்ஸைடு (வாயு) → கால்சியம் பைகார்பனேட் (கரைசல்)

இரண்டாவதில் கால்சியம் 1, கார்பன் 2, ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 6 என்று இரு பக்கமும் எண்ணினேன். ஆனால் சமன் ஆகிவிட்டதால் மட்டும் இதை நம்பக் கூடாது, இல்லையா? தெளிந்த கரைசலில் பைகார்பனேட்தான் இருக்கிறது என்று எப்படிச் சோதிப்பது?

---

சோதனைக்குழாய்

இரண்டுமே சரி அம்மா. சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தெளிந்த கரைசலை ஒரு சோதனைக்குழாயில் எடுத்துச் சூடாக்கு. குமிழ் வரும், மறுபடி வெண்மையாகும். வரும் வாயுவைப் போக்குக்குழாய் வழியாகப் புதிய சுண்ணாம்பு நீருக்குள் விடு. அதுவும் பால்போல் ஆனால் வெளியேறியது கார்பன் டை ஆக்ஸைடு. அப்போது உன் இரண்டாவது சமன்பாட்டை வலமிருந்து இடமாக வாசித்துக்கொள். சூடாக்குவதை நிறுத்துவதற்கு முன்னால் குழாயின் நுனியைச் சுண்ணாம்பு நீரிலிருந்து வெளியே எடுத்துவிடு. இல்லாவிட்டால் குழாய் குளிரும்போது நீர் பின்னோக்கி ஏறிச் சூடான கண்ணாடியை விரிசல் விட வைக்கும்.